நண்பர்களோடு பெரிய மீன் பிடிக்கப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சின்ன மீனை யாரும் தனியாகப் பிடித்துவிடலாம். கை நீளத்தைத் தாண்டிய மீன் கரை ஏறுவது பெரும்பாலும் கூட நிற்கிறவர்களின் கையில் இருக்கிறது என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது. அதனால் பல பதில்கள் மீனில் ஆரம்பித்து நண்பர்களிடம் போய் நிற்கும்.

எத்தனை பேர் போனால் சரியாக இருக்கும்?

மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. பெரிய மீன் மாட்டும்போது ஒருவர் ராடை, அதாவது தூண்டில் கம்பை, பிடிக்க வேண்டும், ஒருவர் கைவலையோடு நிற்க வேண்டும், மூன்றாமவர் மற்ற தூண்டில்களையெல்லாம் சுருட்டி எடுக்க வேண்டும். நான்காமவர் இருந்தால் குறடு, ஈரத்துணி, கேமரா மூன்றும் அவர் பொறுப்பு. ஐந்தாவது ஆள் வந்தால் வேடிக்கை பார்க்கத்தான் வேலை இருக்கும், அதோடு கரையில் நடமாட்டமும் கூடிவிடும்.

பேசினால் மீன் ஓடிவிடுமா?

காற்றில் பேசுகிற சத்தம் நீரின் மேற்பரப்பில் பட்டுப் பெரும்பகுதி திரும்பிவிடும், அதனால் மெதுவாகப் பேசுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கரையில் தொம் தொம்மென்று நடப்பது, படகின் அடித்தளத்தில் பெட்டியைப் போடுவது, கல்லை உருட்டுவது எல்லாம் மண் வழியாகவும் பலகை வழியாகவும் நேராகத் தண்ணீருக்குள் போகும். மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு இந்த அதிர்வை உணர்கிற உறுப்பு. வயசான மீன் இதை ஒரு தடவை உணர்ந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும், நீங்கள் மாலை வரை காலி இடத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நிழல் விழுவதும் அப்படித்தான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் போய் மீனிடம் சொல்லிவிடும்.

பெரிய மீன் எங்கே நிற்கும்?

பெரிய மீனுக்கு வேண்டியது இரண்டுதான்: அதிகம் அலையாமல் கிடைக்கிற சாப்பாடு, பக்கத்திலேயே ஒதுங்க ஓர் இடம். இந்த இரண்டும் சந்திக்கிற கோட்டைத் தேடுங்கள். ஆழமில்லாத திட்டு திடீரென்று ஆழத்துக்குச் சரிகிற விளிம்பு, விழுந்து கிடக்கிற மரம், நாணலும் வெட்டவெளித் தண்ணீரும் உரசுகிற ஓரம், வாய்க்கால் வந்து சேருகிற வாய், ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கத்துக் குழி. ஆற்று வளைவில் வெளிப்பக்கம் வேகமாக ஓடும் நீர் மண்ணை அரித்துக் குழியாக்கும், உள்பக்கம் மணலைக் கொட்டும். எனவே உள்பக்க மணலில் வசதியாக உட்கார்ந்துகொண்டு வெளிப்பக்கக் குழிக்கு எறிவதுதான் நான் எப்போதும் செய்வது.

ஏரியில் தரை தெரியாது என்பார்கள். ஒரு ஈயக்குண்டைக் கட்டி எறிந்து, அது தரையைத் தொடும் வரை எண்ணுங்கள். ஐந்து எண்ணும்போது தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் பத்து எண்ணியும் தொடவில்லை என்றால் அங்கே ஒரு சரிவு இருக்கிறது. மெல்ல இழுக்கும்போது வழவழவென்று வந்தால் சேறு, டக் டக்கென்று கையில் தட்டினால் கல், இழுத்து இழுத்து விட்டால் பாசி. நாலு பேர் நாலு இடத்திலிருந்து அரை மணி நேரம் இதைச் செய்தால் அந்த ஏரியின் அடித்தளமே வரைபடமாகக் கிடைத்துவிடும், தனி ஆளுக்கு அது அரை நாள் வேலை.

வெயில் காலத்தில் இன்னொரு விஷயம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் உச்சி வெயிலில் மீன் ஓடுநீரையோ நிழலையோ தேடும். ஆழமான ஏரியில் சூடான மேல்தண்ணீரும் குளிர்ந்த அடித்தண்ணீரும் கலக்காமல் தனித்தனி அடுக்காக நின்றுவிடுவதுண்டு, அப்போது அடியில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆழத்தில்தான் பெரிய மீன் என்று நம்பி அடித்தரையில் இரையைக் கிடத்துகிறவர்கள் அந்த நாட்களில் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். காற்று அடிக்கிற நாளில் அலை வந்து மோதுகிற கரைக்குப் போங்கள். முகத்தில் காற்று அறையும், எறிவது கஷ்டம், ஆனால் மிதந்து வருகிற தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும்.

நரம்பு எவ்வளவு தடிமன் வேண்டும்? டிராக் எப்படி வைப்பது?

தூண்டில் நரம்பு தாங்குகிற எடையை விட, மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை வெளியே விடுகிற ரீலின் பிடியை, அதாவது டிராக்கை, நீங்கள் வைத்திருக்கிற விதம்தான் முக்கியம். நரம்பின் அறுபடும் அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ரீல் நரம்பை விட வேண்டும். 10 கிலோ தாங்கும் நரம்பு என்றால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ இழுப்பில் டிராக் நரம்பை விட வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள், நரம்பின் நுனியை ஒரு கொக்கித் தராசில் மாட்டி நண்பரை இழுக்கச் சொல்லுங்கள், ராடை வளைத்துப் பிடித்தபடி அளவைப் பாருங்கள். இதைக் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட, ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் ரீல் உருளையில், நரம்பு குறையும், சுற்றின் ஆரம் சுருங்கும், நீங்கள் டிராக்கைத் தொடாமலே இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஆரம் பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கு. நீண்ட ஓட்டத்தின் கடைசியில் நரம்பு அறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மீன் தூரமாக ஓடும்போது டிராக்கை இறுக்கத்தான் கை போகும், கொஞ்சம் தளர்த்துவதுதான் சரி.

ஒற்றை இழை நரம்பான மோனோவா, பின்னிய நரம்பான பிரெய்டா என்றால், கல்லும் வேரும் உள்ள இடத்தில் மோனோ அல்லது தடித்த லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு), பாசி அடர்ந்த இடத்தில் பிரெய்டு. மோனோ நீண்டு கொடுக்கும், மீனின் திடீர் இழுப்பை உள்வாங்கும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது, கடி உடனே கையில் தெரியும், ஆனால் உங்கள் தவறுகளும் அப்படியே மீனின் வாய்க்குப் போய்ச் சேரும். பிரெய்டைக் கையில் சுற்றி மட்டும் இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள், காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி முடிச்சிலேயே பலம் இழக்கும்.

என்ன இரை?

மீனின் வாயைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். கெண்டை இன மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் அரைக்கிற பற்கள். அவை இரையை உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடி துப்பும். இந்தத் துப்பலைச் சமாளிக்கத்தான் இங்கிலாந்தில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இரையைத் தூண்டில் முள்ளில் குத்தாமல் முள்ளுக்குக் கீழே ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உறிஞ்சும்போது இரையோடு வெறும் முள்ளும் உள்ளே போகும், துப்பும்போது முள் உதட்டில் ஏறும். வேகவைத்த சோளமோ கெட்டியான மாவு உருண்டையோ இதற்குப் போதும்.

கெளுத்தி இனம் வேறு மாதிரி. மீசையில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள், லட்சத்துக்கும் மேல். கலங்கல் தண்ணீரிலும் நடு இரவிலும் அது இரையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். ஆகவே இரை புதிதாக இருக்கட்டும், கையில் பெட்ரோலோ கொசு மருந்தோ ஒட்டியிருந்தால் மண்ணால் தேய்த்துக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள்.

விரால் போன்ற வேட்டை மீன்களுக்குப் பாசி மேல் ஓடவிடும் தவளை லூர், அதாவது தவளை வடிவச் செயற்கை இரை. மேலே வந்து காற்றை விழுங்கும்போது எழும் குமிழைப் பார்த்து அதற்குச் சற்று அப்பால் எறிந்து இழுத்து வாருங்கள். ஆனால் குஞ்சுக் கூட்டம் மேற்பரப்பில் கொப்பளிக்கிறது, கீழே தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்றால் அங்கே எறிய வேண்டாம், தயவு செய்து. அப்போது அவை பசியில் கடிப்பதில்லை, குஞ்சுகளைக் காக்கக் கடிக்கின்றன. அவற்றைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் மற்ற மீன்களின் வயிற்றில் போய்விடும்.

உயிர் இரையை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். வாளியில் மிஞ்சியதைக் கொட்டியதால் அந்நிய மீன் குடியேறிய ஏரிகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

பெரிய மீன் மாட்டிவிட்டது. மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நான் அதிகமாகப் பேச விரும்புகிற கேள்வி இது. ஒரு முறை நாங்கள் மூன்று பேர் விடியற்காலையில் போயிருந்தோம். என் ராடில் மாட்டியது இருபது நிமிடம் கழித்துத்தான் முதுகைக் காட்டியது, என் தொடை அளவுக்கு இருந்தது. கரையிலிருந்து இரண்டு மீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது, அதாவது சோர்ந்துவிட்டது. நண்பன் ஆசையில் கைவலையோடு பாய்ந்து வாலுக்குப் பின்னாலிருந்து கோரினான். வலையின் விளிம்பு வாலில் பட்டதும் மீன் முன்னால் சீறியது, வெளியே தொங்கிய முள் வலைக் கண்ணியில் மாட்டியது, மீன் ஒரு உதறு உதறிப் போயே போய்விட்டது. அவன் முகத்தை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. தப்பு அவனுடையது இல்லை, யார் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் முன்பே பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இது. மீன் மாட்டிய கணத்தில் மற்ற இருவரும் தங்கள் தூண்டில்களைச் சுருட்டுவார்கள், அங்கே வேறு மீன் கொத்திக்கொண்டிருந்தாலும் சரி. தண்ணீரில் குறுக்கே கிடக்கிற ஒரு நரம்பு போதும், எல்லாம் சிக்கிவிடும். வலை பிடிக்கிறவர் தண்ணீரில் வலையை முதலிலேயே அமிழ்த்தி அசையாமல் வைத்திருப்பார். அவர் மீனிடம் போக மாட்டார், ராட் பிடித்தவர்தான் மீனைத் தலை முதலாக வலைக்குள் கொண்டுவருவார். தலை உள்ளே வந்தால்தான் மீன் முன்னால் சீறும்போது வலைக்குள்ளேயே சீறும். “தூக்கு” என்ற சொல்லை ராட் பிடித்தவர் மட்டுமே சொல்லலாம். தூக்கும்போதும் வலைக் கம்பை நெம்புகோல் போல் உயர்த்தினால் வலையின் கழுத்து முறியும், கம்பைப் பின்னுக்கு இழுத்து வளையத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

கூச்சல் வேண்டாம். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னால் ராட் பிடித்தவர் எதையும் கேட்க மாட்டார். அனுபவமுள்ள ஒருவர் மட்டும் பக்கத்தில் நின்று சின்னச் சின்னதாகச் சொல்லலாம்: ராடைத் தாழ்த்து, இடப்பக்கம் சாய், ஓடட்டும் விடு.

ராட் பிடித்தவர் ராடை மேலே உயர்த்தி மீனை இழுப்பார், தாழ்த்தும்போது சுருட்டுவார். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றினால் ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், ஒரு அங்குலமும் உள்ளே வராது. மீன் காலடிக்கு வந்த பிறகு ராடைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள், பாரம் முழுவதும் நுனியில் விழுந்து முறிகிறது. ராட் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மீன் வேருக்குள் புகுந்துவிட்டால்?

பலம் போட்டு இழுக்காதீர்கள். நரம்பை முழுவதும் தளர்த்திவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். இழுப்பு நின்றதும் மீன் வந்த வழியே தானே வெளியே வருவது உண்டு. வரவில்லை என்றால் கரையில் நடந்து கோணத்தை மாற்றுங்கள். தண்ணீரில் குதித்து எடுக்கிறேன் என்று நண்பன் கிளம்பினால் பிடித்து நிறுத்துங்கள். எந்த மீனுக்கும் அந்த விலை கிடையாது.

தராசு இல்லாமல் எடையைக் கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்குங்கள், வந்ததை நீளத்தால் பெருக்குங்கள், எல்லாம் சென்டிமீட்டரில். விடையை 29,000 ஆல் வகுத்தால் கிலோ வரும். 90 சென்டிமீட்டர் நீளம், நடுவயிற்றில் 60 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் ஏறக்குறைய 11 கிலோ. உருண்டையான மீனுக்கும் பாம்பு போல நீண்ட மீனுக்கும் கணக்கு கொஞ்சம் விலகும். இதனால் மீனை நெடுநேரம் வெளியே வைக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது, நாடாவைச் சுற்ற ஐந்து வினாடி போதும்.

நன்னீரில் பிடித்ததிலேயே பெரியது எது?

தூண்டிலை மட்டும் கணக்கில் வைக்காமல் பார்த்தால், 2022 ஜூனில் கம்போடியாவில் மீகாங் ஆற்றில் மீனவர்களிடம் சிக்கிய ராட்சதத் திருக்கை, 300 கிலோ. அடையாளக் கருவி பொருத்தி அதை உயிரோடு ஆற்றிலேயே விட்டார்கள். அதற்கு முன், 2005இல் தாய்லாந்தில் அதே மீகாங்கில் பிடித்த 293 கிலோ ராட்சதக் கெளுத்தி சாதனையாக இருந்தது.

தூண்டில்காரர்கள் அதிகம் பேசுவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற அமெரிக்க நன்னீர் வேட்டை மீனின் சாதனையை. 1932 ஜூன் 2ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி 10.09 கிலோ மீனைப் பிடித்தார். அன்று அவரும் நண்பரும் ஒரே ராடை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம். 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட 30 கிராம் கூட அதிகமில்லை. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம், கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி, எனவே இருவருக்கும் சமம் என்று அறிவித்தார்கள்.

பெரிய மீனை விட்டுவிட வேண்டுமா?

முதலில் அந்த நீர்நிலையின் விதி என்ன என்று பாருங்கள். எந்த மாதம், எந்த அளவு, எத்தனை என்பது இடத்துக்கு இடம் மாறும். விதி அனுமதித்தாலும் மிகப் பெரியதை விடுவதுதான் என் வழக்கம். பல நன்னீர் இனங்களில் பெரிய மீன் பெண்ணாகவே இருக்கும், அது போடுகிற முட்டைகள் சின்ன மீன் போடுவதைப் போலப் பல மடங்கு. அந்த அளவுக்கு வளர அதற்குப் பல வருடம் ஆகியிருக்கும். சாப்பிட வேண்டும் என்றால் நடுத்தர அளவில் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத, மற்ற மீன்களை அழிக்கிற இனமாக இருந்தால் திரும்ப விடாதீர்கள்.

விடுகிற மீன் பிழைக்க வேண்டும் என்றால்?

வேகமாகக் கரைக்குக் கொண்டுவருவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. மெல்லிய நரம்பில் ஒரு மணி நேரம் போராடிப் பிடித்தேன் என்று பெருமைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சோர்ந்து சோர்ந்து அமிலம் ஏறிய மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடலாம். தாங்கக்கூடிய நரம்பு, கொக்கிப் பல்லைக் குறடால் நசுக்கிய முள், நனைத்த கை. காய்ந்த கையும் துணியும் மீனின் வழவழப்பை உரித்துவிடும், நோயிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான்.

செவுளில் விரலை விட்டுத் தொங்கவிட வேண்டாம், தண்ணீரில் இருக்கும்போது அதன் உள்ளுறுப்புகளைத் தண்ணீரே தாங்குகிறது, தொங்கவிட்டால் மொத்தப் பாரமும் தாடையில். படுக்கவாட்டில், ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்கு அடியில். கேமராக்காரர் தயார் என்று சொன்ன பிறகே மீனைத் தூக்குங்கள், உங்களால் மூச்சடக்க முடிகிற நேரத்துக்குள் திரும்ப இறக்குங்கள். ஆற்றில் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்தால் போதும். முன்னும் பின்னும் ஆட்டுவது வேண்டாம், பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தப்பான திசையில் போகும். வால் உங்கள் கையைத் தட்டிவிடும் வரை பிடித்திருங்கள், அது கிளம்புகிற அந்த ஒரு வினாடி உள்ளங்கையில் ரொம்ப நாள் இருக்கும்.

எந்த ஆபத்துகளுக்குத் தயாராக இருக்க வேண்டும்?

படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி, நீச்சல் தெரிந்தவர்களுக்கும். இடி மின்னல் வந்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வர வேண்டும். கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முட்களும் குத்தினால் கடுமையாக வலிக்கும், முட்களுக்குப் பின்னால் பிடியுங்கள். தூண்டில் முள் சதையில் ஆழமாக ஏறிவிட்டால், அதுவும் முகத்திலோ கழுத்திலோ என்றால், அங்கேயே பிடுங்கப் பார்க்காமல் நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். எறியும் முன் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் “எறிகிறேன்” என்று சொல்வதும் எங்கள் கூட்டத்தில் கட்டாயம்.

ஒரு ராடில் கடி வந்தால் அது யார் மீன்?

கரைக்கு வருமுன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் முறை வைத்திருக்கிறோம், எந்த ராட் அடித்தாலும் முறை யாருடையதோ அவர் எடுப்பார், மீன் கழன்றாலும் முறை முடிந்தது. முதன்முதலாக வந்த நண்பருக்கு அன்றைக்கு முதல் முறை.

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டால்?

சமாதானம் சொல்ல அவசரப்பட வேண்டாம், அவரைக் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் நரம்பின் நுனியைக் கையில் எடுத்துச் சேர்ந்து பாருங்கள். நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சொரசொரப்பாக நார் பிரிந்திருந்தால் கல்லிலோ வேரிலோ தேய்ந்தது. கத்தியால் வெட்டியது போலிருந்தால் பல்லுள்ள மீனாக இருக்கலாம், லீடரை மாற்ற வேண்டும். முள் நிமிர்ந்து வந்தால் டிராக் இறுக்கம். அன்று விடியற்காலையில் நாங்கள் வலையிலிருந்து கழற்றிய முள் வளையவே இல்லை, நுனியும் கூர் மழுங்கவில்லை. அதே முள்ளில் இரையை மாட்டி, வலை பிடித்த நண்பனின் கையில் ராடைக் கொடுத்தேன்.